தழும்பை விட்டுவிட்டு வரும் ஊசி

மார்ச் 4

அக்காவுக்கு,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதே. கடன் கேட்டு எழுதலை. சமாதானம் பேசவும் எழுதலை. என் நம்பரைத்தான் நீ போன்ல அடைச்சு வெச்சிருக்கியே, வேற எப்படிச் சொல்றது?

எனக்கு ஈரல் கெட்டுப்போச்சாம். போன மாசம் கார் ஓட்டக் கத்துக்க வந்த ஒரு பொண்ணுகிட்ட, பின்னாடி வர்ற வண்டியைப் பாரும்மான்னு கண்ணாடியைக் காட்டினேன். அது வண்டியைப் பார்க்கலை, கண்ணாடியில என்னையே பார்த்துது. "சார், உங்க கண்ணு என்ன இப்படி மஞ்சளா இருக்கு?"ன்னுது. அங்க ஆரம்பிச்சது. ரத்தம் எடுத்தாங்க, வயித்தை ஸ்கேன் பண்ணாங்க, கடைசியில வலது விலாவுக்கு நடுவுல ஊசியை விட்டு ஈரல்லேர்ந்து ஒரு துணுக்கு எடுத்தாங்க. ரிப்போர்ட் வந்துது. கொழுப்பு இருக்காம், லேசா தழும்பு இருக்காம். அதோட நிறுத்தித் தொலைச்சிருக்கலாம். கீழே ஒரு வரி போட்டுட்டாங்க: "குடிப்பழக்கம் காரணமாக இருக்கலாம்."

அந்த ஒரு வரி என் வீட்டையே காலி பண்ணிடுச்சு. என் வீட்டுக்காரி படிச்சா. சண்டை கூடப் போடலை. குட்டியைத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. விஷயம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி காதுக்கும் போயி, அவர் சாவியை வாங்கி வெச்சுக்கிட்டார். "பக்கத்து சீட்டுல பிரேக் மேல கால் வெச்சு உட்கார்றவன் தெளிவா இருக்கணும்பா"ன்னார்.

குட்டி பொறந்ததுலேர்ந்து நான் ஒரு சொட்டு தொடலை. அதுக்கு முன்னாடி குடிச்சேன், இல்லைன்னு சொல்லலை. அப்பா செத்த வருஷம் நல்லாவே குடிச்சேன். ஆனா விட்டாச்சு. இதைச் சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி தலையாட்டுறாங்க பாரு, அதுக்கு ரெண்டு அறை விட்டாக்கூடத் தேவலை.

நீ ஈரல் துண்டைப் பார்க்கிறதையே தொழிலா வெச்சிருக்கிறவ. எந்த ஊசி ஒழுங்கா எடுக்குது, எது சொதப்புதுன்னு நீ ஒப்பிட்டுப் பார்த்து ஆராய்ச்சி பண்றதா அத்தான் பெருமை அடிச்சுக்குவார். என் துண்டையும் ஒருதரம் பாரேன். நான் குடிக்கலைன்னு அதுல தெரியும்னா ஒரு காகிதத்துல எழுதிக் குடு. நீ சொன்னா இவ நம்பி வருவா. நம்ம குடும்பத்துல உன் வாய்க்குத்தானே மதிப்பு.

உன் பதவி உயர்வு விருந்துல, அத்தனை பேர் முன்னாடி என் மூஞ்சிக்கு நேரா வந்து "ஊது பார்க்கலாம்"னு சொன்னதை நான் மறக்கலை. மறந்துட்டு எழுதுறேன்னு நினைச்சுக்காதே.

தம்பி

---

மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதமும் ரிப்போர்ட்டின் நகலும் கிடைத்தன.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அந்த ஸ்லைடில் இருப்பது உன் ஈரல்தானா? கண் மஞ்சளாகியிருக்கிறது, ஸ்கேனில் வயிற்றில் நீர் சேர ஆரம்பித்திருப்பதாகப் போட்டிருக்கிறது. இவ்வளவு கெட்டுப்போன ஈரலில் "லேசான தழும்பு" என்றால் கணக்கு இடிக்கிறது. பார்த்தவர் அரைத்தூக்கத்தில் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் துண்டு மாறியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நீ மாற்றியிருக்க வேண்டும். உன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பார்கள், எனக்குத் தெரியும்.

கோபம் வரும். வரட்டும். அப்பாவும் "விட்டாச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சத்தியம் செய்த அன்றைக்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா பாட்டிலை எடுத்தாள். நீயும் நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஸ்லைடையும், உன் துண்டைப் பதித்துச் சீவிய மெழுகுக் கட்டியையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி அனுப்பு. கேட்டால் கொடுக்க வேண்டும். கூடவே ஒன்றை விசாரித்து எழுது: உன்னைக் குத்தியது உறிஞ்சும் ஊசியா, வெட்டும் ஊசியா? எத்தனை தரம் குத்தினார்கள்?

நீ குடிக்கவில்லை என்று எழுதித் தருவதாக நான் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காததை நான் எழுதுவதில்லை.

அக்கா

---

மார்ச் 17

அக்காவுக்கு,

ஆபீஸ் சர்க்குலர் மாதிரி ஒரு லெட்டர் வந்துது. கீழே "அக்கா"ன்னு இருக்கவும்தான் உன்னோடதுன்னு தெரிஞ்சுது.

துண்டை நான் மாத்தினேனாம்! ஏன் அக்கா, மாத்துறவன் "குடிப்பழக்கம்"னு போட்ட துண்டையா தேடிப் பிடிச்சு மாத்துவான்? நல்ல பிள்ளையோட ஈரலா பார்த்து வைக்க மாட்டேனா? இவ்வளவு படிச்சும் உனக்கு இது தோணலையா?

பெட்டியில ஸ்லைடும் மெழுகும் இருக்கு. பஞ்சு சுத்தி வெச்சிருக்கேன், பார்த்துப் பிரி.

ஊசியைப் பத்திக் கேட்டிருந்த. குத்தின டாக்டருக்கு நான் ஊசி டாக்டர்னு பேர் வெச்சிருக்கேன். நல்ல மனுஷன்தான், ஆனா எப்பவும் பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரியே நிப்பார். ஒரு பக்கமா படுக்க வெச்சு, மரக்கிறதுக்கு ஊசி போட்டு, "மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே பிடிச்சுக்க"ன்னார். உள்ள போனதும் தெரியலை, வந்ததும் தெரியலை. ஆனா வலது தோள்பட்டையில சுருக்குன்னு ஒரு வலி. ஈரலைக் குத்தினா தோள்ல ஏன் வலிக்குதுன்னு கேட்டேன், அதுக்குள்ள அவர் கையுறையைக் கழட்டிட்டார். வெளியில இருந்த நர்ஸம்மாதான் சொன்னாங்க: உறிஞ்சுற ஊசியாம். ஒரே தரம்தானாம்.

நீ என் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணினியாமே? நான் ராத்திரி எப்படித் தூங்குறேன், யார் கூடச் சுத்துறேன்னு விசாரிச்சியாமே? என்கிட்டயே கேட்டிருக்கலாமே. என்ன, நான் சொல்றது உன் கணக்குல சேராது.

இன்னொண்ணு. உன் எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? ஸ்கூல்ல அழகான கையெழுத்துன்னு பரிசு வாங்கினவ நீ. ஓடுற ரயில்ல உட்கார்ந்து எழுதினியா? இல்லை, எனக்கு இது போதும்னு எழுதினியா?

தம்பி

---

மார்ச் 26

தம்பிக்கு,

ஸ்லைடு உடையாமல் வந்து சேர்ந்தது. பார்த்துவிட்டேன். மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சில சீவல்கள் எடுத்துச் சாயம் போட்டும் பார்த்தேன்.

நீ மாற்றவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். உன் ரத்த குரூப்போடு ஒத்துப்போகிறது. ஆமாம், அதையும் சரிபார்த்தேன். திட்டிக்கொள்.

இப்போது கொஞ்சம் பொறுமையாகப் படி. உறிஞ்சும் ஊசி என்பது உள்ளே போனதும் பின்னாலிருந்து இழுக்கும், ஈரல் துண்டு அதற்குள் வந்து விழும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் என்பதால் டாக்டர்களுக்கு அதன் மேல் பிரியம். மிருதுவான ஈரலென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் உள்ளே கெட்டித் தழும்பு ஓடியிருக்கிற ஈரலில் அது ஒரு திருட்டு வேலை செய்யும். தழும்புக்கு நடுவே இருக்கிற மெத்தென்ற சதை மட்டும் பிய்ந்து வரும், தழும்பு உள்ளேயே நின்றுவிடும். பார்க்கிறவனுக்கு "பரவாயில்லையே" என்று தோன்றும். வெட்டும் ஊசியில் பக்கவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. சதை அதில் உட்கார்ந்ததும் மேலே உறை வந்து வெட்டிவிடும். கெட்டியா மெத்தா என்று பாரபட்சம் பார்க்காது. ஒரே ஆளிடம் இரண்டு ஊசியிலும் எடுத்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே என் கண் பூத்துப் போயிருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

உன் துண்டு ஒரு நீளத் துண்டாக வரவில்லை. சில்லு சில்லாக உடைந்திருக்கிறது. ஒவ்வொரு சில்லும் கூழாங்கல் மாதிரி ஓரம் உருண்டு இருக்கிறது. இரண்டு மூன்றில் ஓரத்தில் நூலாகத் தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நூலைத்தான் அவர்கள் "லேசான தழும்பு" என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே நிறைய இருக்கிறது தம்பி. உன் ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது.

கொழுப்பைப் பார்த்ததும் குடி என்று எழுதிவிட்டார்கள். உங்கப்பா குடித்தாரா என்று கேட்டிருப்பார்கள், நீ ஆமாம் என்றிருப்பாய். அப்புறம் வேறு எதையும் தேடியிருக்க மாட்டார்கள். அதே கொழுப்பு வேறு காரணத்தாலும் வரும். இந்தச் சில்லுகளை வைத்து நீ குடித்தாய் என்றும் சொல்ல முடியாது, குடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே நீ கேட்ட காகிதம் இப்போது கிடையாது.

உன் டாக்டருக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில் ஒரு ரத்தப் பரிசோதனையும், கண் டாக்டரிடம் விளக்கடித்துப் பார்க்கும் பரிசோதனையும் எழுதியிருக்கிறேன். போய்ச் செய்துகொள். எதற்கு என்று கேட்காதே.

கையெழுத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பைத் திருகுகிற கை. களைத்துப் போகிறது.

அக்கா

---

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

அத்தான் வந்துட்டுப் போனார். "இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே உன்னையும் பார்த்துட்டுப் போலாம்னு"ன்னார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது, ஏன் அக்கா அவரைப் போட்டுக் கஷ்டப்படுத்துற? கை கழுவுறேன்னு போனவர் பாத்ரூம்ல இருக்கிற வாளியெல்லாம் உருட்டுறார், எனக்குக் கேட்காதா? சமையலறையில தண்ணி குடிக்கிற சாக்குல டம்ளரை மோந்து பார்த்தார். நானே அலமாரியைத் திறந்து விட்டேன். "அத்தான், கட்டிலுக்கு அடியிலயும் பார்த்துடுங்க, அக்கா கேப்பா"ன்னேன். பாவம், மூஞ்சி சுருங்கிப் போச்சு. டீ போட்டுக் குடுத்தா, "பாதி கப் போதும்பா, வீட்ல இப்ப எல்லாம் பாதி பாதிதான், அப்படியே பழகிடுச்சு"ன்னார். பெரிய டாக்டர் வீட்ல டீக்குக்கூடக் கஞ்சத்தனமா?

என்ன கிடைச்சுது? ஒண்ணும் கிடைச்சிருக்காது. இல்லாதது எப்படிக் கிடைக்கும்?

குடிச்சேன்னும் சொல்ல முடியாது, குடிக்கலைன்னும் சொல்ல முடியாதாம். நல்ல தீர்ப்பு! இதைச் சொல்லவா இவ்வளவு நீளமா எழுதின? கட்டின புருஷனை நம்பாம போனவகிட்ட நான் இதை எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டவா? குட்டி போன்ல "அப்பா, நீ கெட்ட தண்ணி குடிச்சியா?"ன்னு கேக்குது. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ. அன்னைக்கு அழுதேன் அக்கா. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது.

உன் லெட்டரைப் படிச்சதுலேர்ந்து ஊசி டாக்டர் என்னை முறைக்கிறார். ஆனாலும் நீ எழுதின ரெண்டையும் செய்ய வெச்சார். ரத்தம் நடுவுல நிக்குதாம், இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. கண்ணுல விளக்கடிச்சாங்க, ஒண்ணும் இல்லையாம். திரும்ப ஊசி போட்டாத்தான் தெரியும்னு அவரே சொல்லிட்டார். இந்தத் தரம் கழுத்து வழியா போகணுமாம். ஈரல் எங்கயோ இருக்கு, கழுத்துல எதுக்குக் குத்துறாங்க? காசு பறிக்கிற வேலையா?

நீ அவருக்கு எழுதினதுல இன்னொண்ணும் பார்த்தேன். கவரை ஒட்டாம அனுப்பினது உன் தப்பு. ஒரு துண்டை மட்டும் மருந்துத் தண்ணியில போடாம, காய்ஞ்ச குப்பியில தனியா உனக்கு அனுப்பணும்னு எழுதியிருக்க. எதுக்கு? அதுல சாராயம் இருக்கான்னு உறிஞ்சு பார்க்கப் போறியா?

தம்பி

---

ஏப்ரல் 12

தம்பிக்கு,

ஈரலில் சாராயம் தங்கி உட்கார்ந்திருக்காது முட்டாளே. அது அடுத்த நாளே போய்விடும். உன்னைப் பிடிக்க வேண்டுமென்றால் அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியும்.

கழுத்து வழி ஏமாற்று வேலை இல்லை. உன் ரத்தம் இப்போது சீக்கிரம் உறைவதில்லை, வயிற்றில் நீரும் இருக்கிறது. விலா வழியாகக் குத்தினால் குத்தின ஓட்டையிலிருந்து ரத்தம் வயிற்றுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தைத் தாண்டி, ஈரலின் ரத்தக்குழாய்க்குள் போய் உள்ளிருந்தே குத்துவார்கள். கசிந்தாலும் ரத்தம் ரத்தக்குழாய்க்குள்தான் விழும். குறை என்னவென்றால் துண்டு மெலிசாக வரும். அதனால் ஒரு தரத்தோடு விட்டுவிடக் கூடாது. வெட்டும் ஊசியால் மூன்று நான்கு தரம் எடுக்கச் சொல். அவர் அவசரப்பட்டால் நீ அவசரப்படாதே. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தனித் துண்டைப் பற்றி இப்போது கேட்காதே. எனக்கு ஒரு சந்தேகம். சொல்லிவிட்டு அது இல்லை என்று ஆனால் நீ தாங்க மாட்டாய், நானும் தாங்க மாட்டேன்.

அத்தானை நான்தான் அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, "அவன் வீட்டில் ஒன்றும் இல்லை, அவனையே பாதி காணோம், அவ்வளவு இளைத்திருக்கிறான்" என்றார்.

ஊசி போட்ட பிறகு அசையாமல் படு. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்டா.

அக்கா

---

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

"டா" போட்டு எழுதியிருக்க. கை தவறிப் போட்டுட்டியோன்னு ரெண்டு தரம் பார்த்தேன்.

முடிஞ்சுது. கழுத்துல குத்தினது வலிக்கலை, ஆனா குழாய் இதயத்துக்கிட்ட போனப்போ நெஞ்சு படபடன்னு நாலு தரம் எகிறிச்சு பாரு, க்ளட்சை விடத் தெரியாதவன் வண்டியைத் துள்ள விடுவானே, அதே மாதிரி. ஒரு தரம் எடுத்ததும் ஊசி டாக்டர் "போதும்"னார். "எங்கக்கா மூணு நாலு தரம் எடுக்கச் சொன்னாங்க சார்"னேன். "உங்கக்கா இங்க வந்து எடுக்கட்டும்"னார். "வருவாங்க சார், வந்தா உங்களையும் ஊதச் சொல்லுவாங்க"ன்னேன். மனுஷன் முதல் தடவையா சிரிச்சுட்டார். சிரிச்சுக்கிட்டே நாலு தரம் எடுத்தார். துண்டைத் தூக்கி வெளிச்சத்துல காட்டினார். நூடுல்ஸ் துணுக்கு மாதிரி இருந்துது, ஆனா உடையலை.

தனித் துண்டு குப்பியில வருது. எதுக்குன்னு கேக்கலை.

பக்கத்துல முதலாளிதான் இருந்தார். சாவியைத் தரலை, ஆனா ராத்திரி பூரா நாற்காலியில உட்கார்ந்து குறட்டை விட்டார். வீட்டுக்காரிக்குச் சொல்லி அனுப்பினேன். வரலை. "ரிப்போர்ட் வரட்டும்"னாளாம். எனக்கு அவ மேல கோபம் வரலை அக்கா. உன்னை மாதிரிதான் அவளும், கண்ணால பார்க்கணும்.

சீக்கிரம் பார்த்துச் சொல்லு. குடிச்சேன்னு வந்தாலும் சொல்லு. நான் குடிக்கலை, ஆனாலும் இப்ப எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு.

தம்பி

---

மே 9

தம்பி,

டைப் பண்ணியே அனுப்புறேன். கையால எழுத நேரமில்லை.

நீ குடிக்கலை.

இந்த வரியை நீ எத்தனை தரம் வேணும்னாலும் படிச்சுக்கோ. இப்ப மீதியைச் சொல்றேன். இந்தத் தரம் துண்டு முழுசா வந்திருக்கு. தழும்பும் கூடவே வந்திருக்கு, நான் பயந்த மாதிரியே நிறைய. ஆனா அது குடியால வந்ததில்லைடா. தனித் துண்டை எரிச்சு அதுல எவ்வளவு செம்பு இருக்குன்னு பார்க்கச் சொன்னேன். இருக்க வேண்டியதுக்குப் பல மடங்கு இருக்கு. நாம சாப்பிடுற எல்லாத்துலயும் துளித் துளி செம்பு இருக்கும், அதை ஈரல்தான் வெளிய தள்ளும். உன் ஈரலுக்குப் பிறவியிலேயே தள்ளத் தெரியலை. சேர்த்து வெச்சுக்கிட்டே இருந்திருக்கு. நீ பால் குடிச்ச நாள்லேர்ந்து.

ஈரல் நிரம்பினா மூளைக்கும் போகும். நாக்கு குழறும், நடை தடுமாறும். அன்னைக்கு விருந்துல நீ பேசினது எனக்குக் குழறலா கேட்டுது. வாசப்படியில கால் இடறினே. கிளாஸை வேற போட்டு உடைச்சே. நான் வேற என்னடா நினைப்பேன்? நீயே சொல்லு.

சாயம் போட்டுப் பார்த்து முடிச்சதும் ரூமைப் பூட்டிக்கிட்டு அழுதேன். இதுக்கு மருந்து இருக்கு. மாத்திரை சேர்ந்த செம்பைக் கரைச்சு வெளிய தள்ளும். ஆயுசுக்கும் சாப்பிடணும், ஒரு நாள் விடக் கூடாது. சீக்கிரம் ஆரம்பிச்சா இப்ப இருக்கிற ஈரலைக் காப்பாத்திடலாம். உன் டாக்டருக்கு எழுதிட்டேன்.

நீ கேட்ட காகிதம் தனிக் கவர்ல இருக்கு. உன் பொண்டாட்டிக்கு இன்னொரு காப்பி நானே அனுப்பிட்டேன்.

அக்கா

---

மே 20

அக்கா,

அவ வந்துட்டா. உன் காகிதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே வாசல்ல நின்னா. குட்டிதான் நடுவுல புகுந்து "அப்பா கெட்ட தண்ணி குடிக்கலை, பெரியத்தை சொல்லிட்டாங்க"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துச்சு. முதலாளி சாவியை இன்னும் தரலை. மாத்திரை வேலை செய்யட்டும், அதுவரைக்கும் போர்டுல படம் வரைஞ்சு சிக்னல் பாடம் நடத்துன்னு சொல்லியிருக்கார். போதும்.

உனக்கு நன்றி சொல்லணும். சொல்றேன். ஆனா இப்ப நான் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நீ பதில் சொல்லாம தப்பிக்க முடியாது.

ஊசி டாக்டர் மாத்திரையை எழுதிக் குடுத்துட்டு முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" இது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வர்றதாம். கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்க நிறைய வாய்ப்பு இருக்காம். "உங்கக்கா சொல்லலையா?"ன்னார். சொல்லலை சார்னேன். அந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமெல்லாம் போயிடுச்சு.

உன் லெட்டரைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். நாக்கு குழறும்னு எழுதியிருக்க. நடை தடுமாறும்னு எழுதியிருக்க. ஆனா டாக்டர் முதல்ல சொன்னது கை நடுங்கும்னுதான். நாக்கைச் சொன்ன, காலைச் சொன்ன, கையை மட்டும் ஏன் விட்ட? நீ எதையும் மறக்கிறவளா? என் ரத்த குரூப்பைக்கூடச் சரிபார்த்தவ ஆச்சே!

உன் லெட்டரெல்லாத்தையும் மேஜையில வரிசையா பரப்பி வெச்சேன். மார்ச்சுல கோணல். ஏப்ரல்ல அதைவிட மோசம். மே மாசம் டைப். நான் நாள் பூரா ஸ்டீயரிங் மேல மத்தவங்க கையைத்தான் அக்கா பார்த்துக்கிட்டு இருக்கேன். களைச்சுப்போன கை எப்படி இருக்கும், ஆடுற கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத்தான் வீட்ல ஏன் எல்லாம் பாதி கப்புன்னும் இப்பத்தான் உறைக்குது. முழுசா ஊத்தினா உன் கையில சிந்துது. உனக்கு மட்டும் பாதி ஊத்தினா நீ கோவிச்சுக்குவேன்னு அவரும் பாதியே குடிக்கிறார். சரியா?

அன்னைக்கு விருந்துல கிளாஸை நீதான் எனக்கு நீட்டின. நான் பிடிக்கிறதுக்குள்ள விழுந்துது. நல்லா யோசிச்சுச் சொல்லு, அது யார் கையிலேர்ந்து விழுந்துச்சு?

எத்தனை வருஷம் என்னைக் குடிகாரன்னு சந்தேகப்பட்ட. இப்ப நான் உன்னைச் சந்தேகப்படுறேன். போய்க் கண்ணுல விளக்கடிச்சுப் பாரு. பார்த்தாச்சுன்னா மறைக்காம எழுது. டைப் பண்ணின லெட்டர் வந்தா பிரிக்க மாட்டேன், அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்.

தம்பி

---

ஜூன் 2

டேய்,

கையாலதான் எழுதுறேன். புரியலைன்னா ரெண்டு தரம் படி.

விளக்கடிச்சுப் பார்த்தாச்சு. கருவிழியைச் சுத்தி செம்பு படிஞ்சு பழுப்பா ஒரு வளையம் இருக்கு. ரெண்டு கண்ணுலயும். உனக்குக் கண் வரைக்கும் வராதது எனக்கு வந்துடுச்சு. உன் துண்டுல செம்பு இவ்வளவுன்னு காகிதம் வந்துதே, அதைப் படிக்கும்போது என் கையில அந்தக் காகிதம் படபடன்னு அடிச்சுது. அப்பவே தெரியும். தெரிஞ்சும் மடிச்சு வெச்சுட்டு உனக்கு டைப் பண்ணினேன்.

ஏன்னு கேப்ப. கை ஆடுற டாக்டரைப் பார்த்தா இங்க எல்லாரும் என்ன நினைப்பாங்க? அதுவும் நம்ம அப்பா குடிச்சு எப்படிச் செத்தார்னு தெரிஞ்சவங்க? நான் உன்னைப் பார்த்து நினைச்சதைத்தானே நினைப்பாங்க. உனக்காவது நான் ஒருத்திதான் "ஊது"ன்னேன். எனக்கு ஒரு ஆஸ்பத்திரியே சொல்லும். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் மேஜைக்கு அடியில கையை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அத்தான் பாதி கப் குடிக்கிறதை நீ கண்டுபிடிச்சுட்டியேன்னு அவர்கிட்ட சொன்னேன். அழுதுட்டார்.

மாத்திரை ஆரம்பிச்சாச்சு. உன்னோடதேதான். கை சரியாகும்னு சொல்றாங்க, கொஞ்ச நாள் பிடிக்குமாம். ஆனா ஈரல் எவ்வளவு கெட்டிருக்குன்னு பார்க்கணும், அதுக்கு ஊசி போடணும். எந்த ஊசின்னு என்கிட்டயே கேக்குறாங்க பாரு! என் ரத்தம் இன்னும் ஒழுங்கா உறையுது, அதனால விலா வழி போதும். வெட்டுற ஊசின்னு சொல்லிட்டேன். தழும்பு இருந்தா அதுவும் சேர்ந்தே வரட்டும். ஸ்லைடை மட்டும் நான் பார்க்க மாட்டேன், வேற யாராவது பார்க்கட்டும். என் விஷயத்துல எனக்கு நம்பிக்கை இல்லை.

கிளாஸ் விஷயம் கேட்டிருந்த. இப்பவும் நீதான் போட்டேன்னு எனக்குத் தோணுது. ஆடுற ரெண்டு கைக்கு நடுவுல ஒரு கிளாஸ் எப்படி நிக்கும்னும் தோணுது. நேர்ல வந்து சண்டை போட்டுக்கலாம்.

ஊசி இருபதாம் தேதி. பக்கத்துல ஒருத்தர் இருக்கணுமாம். அத்தானுக்கு ரத்தம்னாலே மயக்கம் வரும், உனக்கே தெரியும். உன் நம்பர் அடைச்சு வெச்சிருந்ததை எடுத்துட்டேன், கிளம்பும்போது கூப்பிடு. குட்டியையும் கூட்டிக்கிட்டு வா. கதவைத் திறந்ததும் ஊதச் சொல்ல மாட்டேன்.

அக்கா